இரட்டை வீட்டின் நடுச்சுவர்

அக்காவுக்கு,

அந்த முதியோர் இல்லத்தில் தேநீராவது சூடாகத் தருகிறார்களா?

நேற்று உன் மகன் கிளைவ், வீடு வாங்க வந்த லண்டன் ஜோடிக்கு உன் வீட்டைச் சுற்றிக் காட்டினான். நம் இரு வீட்டுக்கும் பொதுவான கல்சுவரைத் தட்டி, "முந்நூறு வருஷச் சுவருங்க. அந்தப் பக்கம் இடியே விழுந்தாலும் கேக்காது" என்று அளந்தான். இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

வசந்தத்தில் நீ திரும்பிவிடுவாய் என்றல்லவா என்னிடம் சொல்லியிருந்தான்.

என்னையறியாமல் கணப்பு நெருப்பைக் கிளறும் கம்பியை எடுத்து, நாம் தினமும் படுக்கப் போகுமுன் தட்டுவதுபோலச் சுவரில் மூன்று தட்டு தட்டினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தூங்கி வளர்ந்தவன் அவன்.

அந்தப் பெண் பயந்துபோய், "என்னங்க அது?" என்றாள்.

"எலிதான். மருந்து வெச்சா போயிடும்" என்றான் கிளைவ்.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கத்து எலி