எதிர் மேசை இத்தாலிக்காரி

முல்பாக்,
பிப்ரவரி 1917

அன்புத் தம்பி கெப்ஹார்டுக்கு, அக்கா அஃப்ரா எழுதிக்கொண்டது. அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

இதை நான் தபாலில் போடவில்லை. விடுப்பு முடிந்து திரும்பும் பேக்கரி வீட்டுப் பையனிடம் கம்பளிக் காலுறை என்று சொல்லிக் கொடுத்து, காலுறைக்குள்ளே வைத்துத் தைத்திருக்கிறேன். அவனையும் நான் முழுதாக நம்பவில்லை. தையல் கறுப்பு நூல். வேறு நிறமாக இருந்தால் அவன் பிரித்துப் படித்துவிட்டான் என்று தெரிந்துகொள்.

இங்கே எல்லாம் டர்னிப் கிழங்குதான். ரொட்டியில் அது, கஞ்சியில் அது, காப்பி என்று சொல்லிக் குடிப்பதும் அதையே வறுத்துப் பொடித்ததுதான். பக்கத்து வீட்டுக்காரி தன் கோழிகள் நோயில் செத்துவிட்டன என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவள் புகைபோக்கியிலிருந்து வந்த வாசனையில் நோய் ஒன்றும் தெரியவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் பாதிதான் படித்துக் காட்டினேன். நம் பீரங்கிகள் நாள் முழுக்கச் சுட்டும் குண்டுகள் வெடிக்காமல் சேற்றில் உருளைக்கிழங்கு மாதிரி கிடந்ததையும், எதிரியின் முள்வேலி அறுபடவில்லை என்று தெரிந்தும் உங்களை முன்னே போகச் சொன்னதையும், ஆல்பன் அந்த வேலியிலேயே தொங்கியதையும் நான் மட்டும் படித்தேன். அவனை நான் கட்டிக்கொள்வேன் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஊர்ல எவளோ வேணும்னே குண்டக் கெடுக்கறா, அக்கா. கண்டுபிடி" என்று எழுதியிருந்தாய். நீ சொல்லுமுன்பே மேலிடத்துக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் கடிகாரத் தொழிற்சாலையில் இப்போது ஒரு கடிகாரமும் செய்வதில்லை. குண்டின் தலையில் திருகும் பித்தளை முனைக்குள் வெடிமருந்து வளையத்தை வைத்து மூடுவதுதான் எல்லோருக்கும் வேலை. அந்த மருந்து எரிந்தால்தான் குண்டு வெடிக்கும். அதிகாரிகள் வந்து பையைக் கொட்டிப் பார்த்தார்கள், பாவாடை மடிப்பையும் விடவில்லை.

எல்லோர் கண்ணும் பியரீனா மேல்தான். ரயில் பாதைக்குக் கல் உடைக்க வந்து இங்கேயே செத்துப்போன இத்தாலிக்காரனின் மனைவி. சண்டைக்கு முன்னே இத்தாலி நம் கூட்டாளி. நகர மண்டபத்தில் அவர்கள் கொடியும் நம் கொடியும் சேர்ந்தே தொங்கின. அப்புறம் ஆஸ்திரியாவுக்காக நாம், செர்பியாவுக்காக ரஷ்யா, ரஷ்யாவுக்காகப் பிரான்சு என்று ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்கினோம். இத்தாலி மட்டும் கையை உதறிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்கு இவளை முறைத்தோம். ஆல்பன் போன பிறகு நான் மற்றவர்களைவிட அதிகமாகவே முறைத்தேன்.

அவள் எனக்கு எதிர் மேசை. அவள் கையைவிட்டு என் கண்ணை எடுக்கவில்லை. ஓயாமல் கையை ஏப்ரனில் துடைப்பாள், சாம்பல் போட்டுக் கழுவி வருவாள். எதையோ அழிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் கோபப்படாமல், "மொத நாளே சொன்னாங்களே, மருந்துக்கு எண்ணெ ஆகாதுன்னு. நான் சமையல்காரி, கைல நெய்ப்பசை இருக்குமோன்னு பயம். அதான்" என்றாள்.

அப்போது என் கையைப் பார்த்தேன், தம்பி. அதில் எண்ணெய் ஊசி இருந்தது. மூடும் முன்னே ஒரு சொட்டு தொட்டு வைக்காமல் எந்தக் கடிகாரக்காரி திருகு போடுவாள்? அப்பா நமக்கு எழுத்துக்கு முன்னே சொல்லிக்கொடுத்தது அதைத்தானே. சுற்றிலும் பார்த்தேன். எல்லா மேசையிலும் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. எல்லோரும் பேசிக்கொண்டே ஊசியை நனைத்துத் தொட்டுத் திருகிக்கொண்டிருந்தார்கள். அவரவர் கை செய்வது அவரவருக்கே தெரியவில்லை. புதிதாகச் சோதிக்கும்போது மருந்து எரிந்துவிடுகிறது. ரயிலில் கிடந்து எண்ணெய் ஊறிய பிறகுதான் அவிந்துபோகிறது. கடிகாரம் தெரியாத ஒருத்தி மூடிய முனை மட்டும்தான் சுத்தம்.

மறுநாள் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். துரோகம் என்று தீர்ப்பானால் சுவரோரம் நிறுத்திச் சுடுவார்கள். மேற்பார்வையாளர் ஹாபரரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "வாய மூடு, அஃப்ரா. போறது ஒரு இத்தாலிக்காரி. நீ சொல்றது வெளிய தெரிஞ்சா இந்தக் கூடத்துல இருக்கிற அத்தன பேரும் துரோகிங்க, நானுந்தான்" என்றார். அன்றே கிண்ணங்கள் காணாமல் போயின. ஏற்கெனவே வண்டியேறிப் போன முனைகளைத் திருப்பி வரவழைக்க மட்டும் அவர் ஒப்பவில்லை. அவை உன் பக்கம்தான் வருகின்றன.

திங்கட்கிழமை நான் மாவட்ட அதிகாரியிடம் போகிறேன். நானும் ஊசி பிடித்தவள் என்றே சொல்லப் போகிறேன். நம்புவார்களா, பியரீனாவை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்வார்களா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆல்பனுக்கு முன்னால் விழுந்த குண்டை மூடியது என் கையோ என்று நினைத்தால் ரொட்டியைக்கூட அந்தக் கையால் தொடப் பிடிக்கவில்லை. நீ என்னை வெறுத்தாலும் சரி, உயிரோடு இருந்து வெறுத்துக்கொள்.

மாதா உன்னைக் காக்கட்டும். கிளம்பு என்று உன் அதிகாரிகள் ஊதல் ஊதினாலும், நம் குண்டு வெடித்ததை உன் காதால் கேட்ட பிறகே எழுந்திரு, கண்ணா.

உன் அக்கா,
அஃப்ரா