கல்யாணப் பத்திரிகைகளில் நீ தேடிய ஆறு

போன வாரம் நம் ஊர்ப் பனியன் சந்தையான காதர்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் பனியன் கட்டு ஒன்றைப் பிரித்ததும் அந்தப் புதுத்துணி வாசம் வந்தது. நீ பனியனைக் கையில் எடுத்தால் முதலில் முகர்ந்துதான் பார்ப்பாய். "இது எந்த ஊர்த் தண்ணியில வெளுத்ததுங்க?" என்று கேட்பாய். கடைக்காரர்கள் சிரிப்பார்கள், எனக்குக் கூச்சமாக இருக்கும். அன்று எதையும் வாங்காமல் வெளியே வந்து, கொஞ்ச நேரம் சாலையோரம் நின்றுவிட்டேன்.

ஒரே கல்லூரியில், ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். நான் தமிழ், நீ வரலாறு. என் அப்பா பனியன் கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து குடும்பத்தோடு வந்தவர். நீ இந்த ஊரிலேயே தலைமுறையாகத் தறி ஓட்டிய வீட்டுப் பெண். மழை குறைந்த இந்தச் சீமை எப்படி உலகத்துக்கே துணி தைத்தது, அதற்கு இங்குள்ள மண்ணும் தண்ணீரும் என்ன கொடுத்தன என்பதுதான் உன் ஆராய்ச்சி. ராஜாக்கள் இல்லாத வரலாறு என்று உன் துறையிலேயே கேலி பேசினார்கள். நீ சென்னை ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் தூசி தின்றுவிட்டுத் திரும்பி வந்தாய். பருத்தி விளைச்சலும் வரிவசூலும் எல்லாம் அங்கே இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள்தான் இல்லை என்றாய்.

அதன்பிறகு சனி, ஞாயிறு என்றால் உன் ஸ்கூட்டர்தான். பின்னால் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு நான். பல்லடத்தில் தனியார் பஸ்களின் ஹாரனுக்கு நடுவே ஒரு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். அப்புறம் ஆற்றோர ஊர்களில் வீடு வீடாக ஒரே கேள்வி: கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை எந்த வருசம் நிறுத்தினீர்கள்?

ஒருவருக்கும் வருசம் நினைவில்லை. ஒரு பெரியவர்தான் வழி காட்டினார். "வருசமெல்லாம் ஆரு கண்டா சாமி. எங்க மூத்தவ கல்யாணத்துக்குத்தான் மொதமொதல்ல லாரித் தண்ணி வாங்குனோம்" என்றார். நீ சட்டென்று, அந்தக் கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டாய். தகரப் பெட்டியின் அடியிலிருந்து வந்தது, மஞ்சள் தடவிய ஓரமும் மேலே முருகன் படமுமாக. அன்றிலிருந்து நாம் பத்திரிகை தேடிகள் ஆனோம். தேதியைக் குறித்துக்கொண்டு வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பாய். புள்ளிகள் வருசத்துக்கு வருசம் ஆற்றோடு கீழே கீழே இறங்கின. சாயக்கழிவின் உப்பு நடந்து போன பாதை அது. அதைச் சுவரில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாயே, அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கடைசியாக உன் அத்தையின் தோட்டத்துக்குப் போனோம். அங்கே பத்திரிகை தேவைப்படவில்லை. அத்தை யோசிக்காமல் சொன்னார்: "உங்கண்ணன் சாயப்பட்டறை போட்டான் பாரு, அதுக்கு மறு வருசம் கண்ணு." உன் கை டேப்பை நிறுத்தப் போனது. அத்தை தடுத்தார். "எல்லாத்தையும் கேட்ட. இதையும் எழுதிக்க."

திரும்பும் வழியில் நான்தான் சொன்னேன், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு என்று. நூறு வீடு இருக்கிறது, ஒரு வீடு குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். ஒரு மாதம் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாய். அச்சுக்குப் போகுமுன், அத்தை சொன்னதை எழுதிய அந்தப் பக்கத்தை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினாய். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"உன்னைப் படிக்க வெச்சதே அந்தப் பட்டறைதான் அம்மிணி" என்றார்.

"தெரியுமுங்கண்ணா. அதையும் எழுதீருக்கறேன்" என்றாய்.

புத்தகம் வந்தது. வெளியூர்ப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டன, உன் பெயர் பெரிதானது. பொங்கலுக்கு மட்டும் அண்ணன் வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாய், எங்கள் தெற்கத்திப் பேச்சைக் கிண்டல் செய்து அப்பாவைச் சிரிக்க வைப்பாய். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

கோர்ட் உத்தரவில் பட்டறைகள் மூடப்பட்டு சில வருசம் ஆன பின் ஒரு ஞாயிறு மதியம், நானும் அங்கே இருந்தபோது, அண்ணன் தானாகவே உன் வீட்டுக்கு வந்தார். டேப்பை எடு என்றார். மழை பெய்யும்போது சாயக்கழிவுத் தொட்டியை ஆற்றில் திறந்துவிட்டதை, மறுநாள் அத்தை தோட்டத்துப் பக்கம் போகாமல் சுற்றி வீட்டுக்குப் போனதை, எல்லாம் சொன்னார். அவர் முடித்ததும் நீ எழுந்துபோய் அவருக்குச் சோறு போட்டாய். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். அன்றைக்குத்தான் நீ அழுது முதன்முதலாகப் பார்த்தேன்.

நீ போய் இரண்டு வருசமாகிறது. உன் புத்தகத்தின் புதிய பதிப்பை என்னைப் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். நீயும் இல்லை, குடும்ப விசயம் வேறு, அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று பதிப்பாளர் கேட்டார். நான் அண்ணனிடம் போனேன். "இருக்கட்டுங்க டீச்சர். அதை எடுத்துட்டா அவ என்கூடப் பேசுனதே இல்லைன்னு ஆயிரும்" என்றார்.

நீ எனக்கு விட்டுப்போனது உன் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவ்வளவு எனக்கு வராது. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து 'விட்டுவிடு' என்று உன் காதில் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இத்தனை நாளும் என்னோடு வந்தது. நேற்று அந்தப் பக்கத்தைச் சத்தமாக, நீ படித்த வேகத்திலேயே, ஒருமுறை படித்தேன். ஓர் எழுத்துகூட மாற்றாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.