பொட்டு வைத்த உருளை

பிப். 3, செவ்வாய். திருச்செங்கோடு

காலையிலேயே வெயில். கல்லூரிக்கு லீவு. கடல் நீரின் உப்பு, வெப்பம், ஆழம் அளக்க நான் செய்த எஃகு உருளைக்கு இன்று முதல் சோதனை. ஆழத்தின் அழுத்தம் தாங்குமா, அதுதான் கேள்வி. சோதிக்கும் தொட்டி சென்னையில். முறை வர மாதக்கணக்காகும். எங்கள் ஊரில் ஆழத்துக்கா பஞ்சம்! போர் போடும் ரிக் லாரி வைத்திருக்கும் சித்தப்பாவின் தோட்டத்தில் ஆயிரம் அடி போர்வெல், நிறையத் தண்ணீர்.

உள்ளே சென்சார் வைக்கவில்லை. கசிந்தால் தெரிய ஒரு டிஷ்யூ மட்டும்.

"இரு சாமி. பூச போடாம எந்த மிசினும் குழிக்குள்ள எறங்குனதில்ல" என்றார் சித்தப்பா. எலுமிச்சை, கற்பூரம். திறந்திருந்த மூடிக்கு அம்மா கையால் குங்குமம்.

மூடி, கயிற்றில் கட்டி அடிவரை இறக்கினோம். மேலே வந்தது. உள்ளே தண்ணீர். டிஷ்யூ கஞ்சி. அழுதேன்.

பிப். 4

லென்ஸ் வைத்து மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்தேன். சிவப்பாகத் துகள்கள். குங்குமம்! அந்த இடுக்கில்தான் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அம்மா முகம் சுண்டிவிட்டது. "நாந்தான் கெடுத்துப்போட்டனா கண்ணு?"

துடைத்து, கிரீஸ் தடவி, இறுக்கித் திருகினேன். "இப்ப வைங்கம்மா." வெளியே பெரிய பொட்டு. மறுபடி ஆயிரம் அடி. டிஷ்யூ மொறுமொறு! சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பூச வீணாப் போகுல பாத்தியா சாமி?" நேற்றுக் கெடுத்ததும் அதே பூசைதான் என்று சொல்லவில்லை.

கப்பலுக்கு வாங்க வேண்டியவை: வாந்தி மாத்திரை, ரப்பர் வளையம், டிஷ்யூ, குங்குமம் (சின்ன டப்பா).

பிப். 17. கப்பல், வங்கக் கடல்

காற்று. ஆட்டம். சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை.

தலைமை விஞ்ஞானி மேடம், தூத்துக்குடிக்காரர், கறார். "நாளைக்கு ஒரே ஒரு தடவ எறக்குவோம். தண்ணி ஏறுச்சுன்னா கரைக்குப் போற வரைக்கும் உன் ரூம்லயே கெடக்கட்டும்." ஆழம் ஐந்நூறு மீட்டர். அடிக்கு மாற்றிப் பார்த்தேன். எங்கள் போரைவிட எவ்வளவோ அதிகம். பயம்.

பிப். 18

கடல் அமைதி. இந்த முறை உள்ளே சென்சாரும் டிஷ்யூவும். முதலில் மூடி, திருகி, பிறகுதான் பொட்டு. பின்னால் யாரோ: "கப்பல்ல கல்யாணமா?" சிரிப்பு. சிரிக்கட்டும்.

இரும்புச் சட்டத்தில் தண்ணீர் பிடிக்கும் பெரிய பாட்டில்கள் வட்டமாக. நடுவில் என் உருளை. இறங்கியது. ஏறும்போது ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு பாட்டில் மூடிக்கொண்டது.

டெக்குக்கு வந்ததும் மாதிரி எடுக்கும் வேலை முதலில். சின்ன பாட்டிலை அதே தண்ணீரில் கழுவி, நிரப்பி, பெயர் ஒட்டி, அடுத்தது. உருளை கண்ணெதிரே, திறக்கக் கூடாது. கொடுமை.

பிறகு மேடம் முன்னால் திருகு கழற்றினேன். டிஷ்யூ காய்ந்து கிடந்தது! கத்திவிட்டேன். மாலையில் பாட்டில் தண்ணீரின் உப்பையும் என் சென்சார் சொன்ன உப்பையும் ஒப்பிட்டார் மேடம். ஒன்றுதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒன்றேதான்!

ஜெயித்தேன். அம்மாவிடம் சொல்ல சிக்னல் இல்லை. கப்பல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிப். 19

மேகமூட்டம். அடுத்த இடம். ஆயிரம் மீட்டர். இந்த முறை என் உருளையையும் மாட்டச் சொன்னது மேடமே. அவசரம். மூடி, திருகி, மாட்டியாயிற்று. கம்பியை இறக்கும் வின்ச் கிளம்பும் நேரம், மேடம் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஏம்மா, பொட்டு வைக்கல?"

டப்பா ரூமில். ஓடினேன். மொத்தக் கப்பலும் காத்திருந்தது.