இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன்

என்னங்க,

சுரங்கத்துக்குள் உங்கள் போன் எடுக்கவில்லை. அதனால் இதை அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஷிஃப்ட் முடியக் காத்திருக்காமல் அவருடனே கிளம்பி வந்துவிடுங்கள்.

பாப்பாவைக் குழந்தைகள் வார்டில் சேர்த்திருக்கிறோம். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. நேற்று அழுதபோது கண்ணீர் வரவில்லை. இன்று காலையிலிருந்து அழவே இல்லை.

நாலு இடத்தில் குத்திப் பார்த்தும் டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. "பெரிய டாக்டர் வர்ற வரைக்கும் நீங்கதாம்மா டிரிப்ஸ்," என்று நர்ஸ் என் கையில் ஓஆர்எஸ் கரைசலைக் கொடுத்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். பாதி கடைவாயில் வழிந்துவிடுகிறது. ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் நடுவில்தான் இதை எழுதுகிறேன்.

"மூணு நாளா ஏன் தண்ணியே குடுக்கல?" என்று டூட்டி டாக்டர் கேட்டார்.

கொடுத்தால் இன்னும் போகும் என்று வீட்டில் சொன்னார்கள். யார் சொன்னது என்று எழுத மாட்டேன். சரியென்று தலையாட்டியவள் நான்தானே.

அத்தை வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. "உள்ளே வாங்க அத்தே" என்று கூப்பிட எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

நீங்கள் வந்து கூப்பிடுங்கள்.

பாப்பாவின் அம்மா