பெரிய பூப் போட்ட சேலை

17-6-1986, செவ்வாய்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலை ஸ்டெல்லாவுக்குக் கிடைத்துவிட்டது. ஹையர் பாஸ் செய்தவள் நான். அவள் வெறும் லோயர். மாஸ்டரிடம் நேராகவே கேட்டேன்.

"உங்க ஸ்பீடு எனக்குத் தெரியும்ங்க. ஆனா சேர வர்றவங்க மொதல்ல ஆளத்தானே பாக்கறாங்க? அந்தப் பொண்ணு நீட்டா வருது" என்றார்.

அந்த நீட்டு நான் கொடுத்தது. குள்ளமாக, பூசினாற்போல் இருப்பவளுக்கு மெல்லிய கரையும் பொடிப் பூவும்தான் எடுப்பாக இருக்கும், மடிப்பைச் சின்னதாக எடுத்துத் தோளில் பின் குத்தினால் உயரமாகத் தெரியும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். தெரிந்து என்ன பயன்? என்னிடம் இருப்பது இரண்டு சேலை, வெளுத்துப்போன ஒரு கறுப்பு ஜாக்கெட். விரலுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைச் சேலைக்குக் கொடுக்கிறார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு மொத நாளுடி. எதக் கட்டட்டும்?"

"பெரிய பூப் போட்டது வெச்சிருக்கியே, அதக் கட்டு. கஞ்சி போட்டு, மடிப்ப அகலமா வுடு. ஒல்லியாத் தெரிவ."

"அதுல பீப்பா மாதிரி இருக்கறேன்னு எங்கம்மா சொல்லுச்சே?"

"உங்கம்மாவுக்கு என்னடி தெரியும்?"

நம்பிவிட்டாள். "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள்.

பஸ் வர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது வருத்தம்கூட இல்லை, பயம்தான். அந்தப் பெரிய பூவிலும் அவள் அழகாக இருந்துவிட்டால்?