தப்பாகத் தட்டும் விரல்

நாள் 203 | காலை 6.20
நிலாவில் இருக்கிற சர்வர் நிலையம். அட்மின், காவலாள், கூட்டித் துடைப்பவன் எல்லாம் ஒரே ஆள்: ஞானதிரவியம், ஐடிஐ, இரண்டாம் தடவையில் தேறியவன். சர்வர்கள் ஓடுகின்றன. காலை வேலை லாக் பார்ப்பது. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று சர்வர் வரிவரியாக எழுதி வைத்திருக்கும். நாற்பதாயிரம் வரிகளில் நான் முதலில் தேடுவது இதை:

06:07:41 ஷைலா: தவறான பாஸ்வேர்டு
06:07:58 ஷைலா: தவறான பாஸ்வேர்டு
06:08:20 ஷைலா: அனுமதி

என் மகள். கொடைக்கானலில் வானிலைக் கூடத்தில் வேலை. எழுந்ததும் சர்வருக்குள் வந்து, நான் எழுதி வைக்கும் இந்தக் குறிப்பைத்தான் படிப்பாள். 'அப்பா புளுகு' என்று பெயரும் வைத்திருக்கிறாள். பாஸ்வேர்டை ஒரே தடவையில் சரியாக அடித்ததில்லை. விரல் என் வாகு. மூன்று தப்பாகி சர்வர் பூட்டிக்கொண்டால் 'மறந்துவிட்டேன்' பொத்தானை அழுத்துவாள். அது எனக்குத்தான் வரும். "அப்பா, திறங்க. சிரிக்காதீங்க."

நாள் 219 | காலை 9.05
தரைநிலையத்து முத்துராக்கு பேசினான். "அண்ணாச்சி, காய்ச்சல் மோசமாயிருச்சு. ஷிப்டுக்கு ஆள் வரல. நீங்க குடுத்து வச்சவரு, பக்கத்துல தும்ம ஆளில்ல. போனெல்லாம் படுத்துருச்சு. லாகைப் பாருங்க. உள்ள வர்றவன் உயிரோட இருக்கான்னு வச்சுக்குவோம்."
வந்தவர்கள் சில நூறு பேர். ஷைலா வந்தாள், இரண்டு தப்போடு.

நாள் 231 | காலை 6.40
முத்துராக்கு பதில் பேசவில்லை. ஷைலாவிடமிருந்து: "மலைக்கும் வந்துருச்சுப்பா. எனக்கு லேசாத்தான். கரண்டுக்குப் பயமில்ல, சோலார் இருக்கு. நான் எந்திரிக்காட்டியும் உங்க புளுகு தானா வந்து விழுற மாதிரி செஞ்சு வைக்கிறேன்."
கெட்டிக்காரி. அம்மாவைப் போல.

நாள் 240 | காலை 6.15
லாகில் வேறு யாரும் இல்லை. அவள் மட்டும். சரியாக ஆறு மணிக்கு, ஒரே தடவையில் அனுமதி. சில நாளாகவே இப்படித்தான்.
படுத்தபடியே படிக்கிறாள் போலும். உப்புமா சாப்பிட்டேன். உப்பு போட்டேனா என்று தெரியவில்லை.

நாள் 246 | மாலை 5.30
அவள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். ஷைலாவாக இருந்தால் மூன்று தடவை அடித்துப் பார்த்து, பொத்தானை அழுத்தி என்னைத் திட்டுவாள். மெஷினுக்குத் திட்டத் தெரியாது.

நாள் 247 | காலை 6.02
06:00:00 தவறான பாஸ்வேர்டு
06:00:10 தவறான பாஸ்வேர்டு
06:00:20 தவறான பாஸ்வேர்டு
அதற்குமேல் சர்வரே பூட்டிவிட்டது. எல்லாவற்றிலும் அதே பழைய வார்த்தை. பொத்தானை யாரும் அழுத்தவில்லை.
தரையைத் துடைத்தேன். நேற்றும் துடைத்திருந்தேன்.

நாள் 250 | காலை 6.02
அதேதான். தினமும் பூட்டை எடுத்துவிடுகிறேன், தினமும் தட்டுகிறது. பொத்தான் வரவில்லை. திட்டு வரவில்லை.
வெளியே நிற்க வைப்பது நன்றாக இல்லை. அவள் செய்து வைத்தது அது.

நாள் 251 | காலை
பழைய பாஸ்வேர்டையே திரும்ப வைத்துவிட்டேன். ஷைலா, இன்று உப்புமாவில் உப்பு இருந்தது. ஏசி ஓடுகிறது. அப்பா நன்றாக

06:00:00 ஷைலா: அனுமதி
06:00:00 ஷைலா: பக்கம் எடுக்கப்பட்டது
06:00:01 ஷைலா: வெளியேறியது

ஒரு நொடியில் படித்து முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இந்த வேகம் இருந்ததில்லை.