சிவப்பு டம்ளர்

செல்ல மகளுக்கு,

நீ மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க இன்று உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நீ பாடம் நடத்துவதை வகுப்பு ஜன்னலோரம் நின்று ஒட்டுக் கேட்டேன். வெட்கங்கெட்ட மனுஷன்!

கணக்குப் புலிகள் புதிர் அட்டைகளோடு ஒரு பக்கம். நடுத்தரங்கள் நோட்டில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புரியாதவர்கள் மட்டும் மேசைமேல் சிவப்பு டம்ளரைக் கவிழ்த்தார்கள். அதைக் கண்டதும் நீ ஓடுகிறாய்! பன்னிரண்டில் ஐந்து போனால் எத்தனை என்று தெரியாமல் ஒரு வாண்டு முழித்தாள். "அவசரமே இல்லடா கண்ணு, பொத்தானை மறுபடி எண்ணலாம்" என்று எண்ணுவதற்கான பொத்தான்களை அவள் முன் பரப்பினாய். நாலாவது தடவையும் அதே குரல்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. "உன் அண்ணனுக்கு வீடியோ கால் எப்படிம்மா போடறது?" என்று நான் கேட்டால், "ஐயோ அப்பா, நேத்துதானே சொன்னேன்!" என்று போனைப் பிடுங்கி நீயே போட்டுவிடுகிறாய். அந்த வாண்டின் பென்சிலைப் பிடுங்கினாயா?

அந்தக் கடுப்பில் குடையைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். நனைந்துதான் வருவாய். துண்டு நாற்காலியில் இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் போனும், பக்கத்தில் கவிழ்த்த சிவப்பு டம்ளரும் இருக்கின்றன. தலையைத் துவட்டிக்கொண்டு வா. கண்ணு என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் மக்கு அப்பா